மஞ்சள் கேசட் முதல் சொந்த லேபிள் வரை: ஒரு கனடிய ராக் குழுவின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் குழுவின் பெயரையும் உறுப்பினர்களின் பெயர்களையும் எழுதவில்லை. ராக் இசை கேட்பவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. பெயரோடு படித்தால் புகழ்க்கதையாகிவிடுகிறது. பெயரை எடுத்துவிட்டால்தான் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், அப்போது கையில் என்ன இருந்தது என்று பார்க்க முடிகிறது.

இந்தக் குழு இரண்டு முறை சுதந்திரக் குழுவாக, அதாவது லேபிள் எனப்படும் இசை வெளியீட்டு நிறுவனம் எதையும் சாராமல், இருந்தது. 1988 முதல் 1992 வரை வேறு வழியில்லாமல். 2004க்குப் பிறகு தானே விரும்பி. இடையில் சுமார் 12 ஆண்டுகள் ஒரு பெரிய அமெரிக்க லேபிளில். இரண்டு சுதந்திரமும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. லேபிளே வேண்டாம் என்று இன்று முதல் பாட்டிலேயே முடிவெடுக்கும் இளம் குழுக்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

ஸ்கார்பரோ என்றால் இன்று நமக்குத் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நினைவுக்கு வரும். 1988இல் அது டொராண்டோவுக்குக் கிழக்கே தனி நகராட்சி. அங்கே ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்கள், மாணவர்களுக்கான ஓர் இசை முகாமில் நெருக்கமானார்கள். இருவருமே பாடுவார்கள், இருவருமே கிதார் வாசிப்பார்கள். வசதிக்காக ஒருவரைப் பாடகர் என்றும் மற்றவரைக் கிதார்காரர் என்றும் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஒரு பெரிய பாடகரின் கச்சேரியில் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, இல்லாத ஒரு குழுவைப் பற்றி இருவரும் வேடிக்கையாகக் கதை கட்டினார்கள். அப்போது வாயில் வந்த பெயர்தான் பின்னால் குழுவின் பெயரானது. அதில் பெண்களைக் குறிக்கும் ஒரு சொல்லும், உடையில்லாத நிலையைக் குறிக்கும் ஒரு சொல்லும் இருந்தன. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மேடை 1988 அக்டோபர் 1 அன்று. டொராண்டோ நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், பசித்தவர்களுக்கு உணவு திரட்டும் ஓர் அமைப்புக்காக நடந்த போட்டி அது. கிதார்காரரின் பழைய குழு அதில் பெயர் கொடுத்திருந்தது, ஆனால் அதற்குள் கலைந்துவிட்டது. நண்பரைக் கூப்பிட்டார். சரியான ஒத்திகைகூட இல்லாமல் இருவரும் மேடையேறி, இடையிடையே அந்த நேரத்தில் தோன்றியதைப் பாட்டாக்கிச் சமாளித்தார்கள். அப்படிச் சமாளித்ததுதான் பின்னர் இந்தக் குழுவின் பெரிய முதலீடு ஆயிற்று. அடுத்த 2 ஆண்டுகளில் பேஸ் வாசிக்கும் ஒருவரும், தாளமும் கீபோர்டும் வாசிக்கும் அவருடைய சகோதரரும், ஒரு டிரம்மரும் சேர, ஐவரானார்கள்.

அந்தக் காலத்துச் சந்தையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 30% கனடிய ஆக்கமாக இருக்க வேண்டும் என்ற விதி 1971இலேயே வந்துவிட்டது. 1999இல் அது 35% ஆனது. இசை, கலைஞர், நிகழ்த்திய இடம், வரிகள் என்ற நான்கில் இரண்டாவது கனடியமாக இருந்தால் பாட்டு கனடியக் கணக்கில் சேர்ந்தது. நல்ல விதிதான், பலரை வாழவைத்த விதி. ஆனால் எந்தக் கனடியப் பாட்டு என்பதை அது சொல்வதில்லை. நிலையங்கள் லேபிள்கள் அனுப்பும் பாட்டுகளிலிருந்துதான் பெரும்பாலும் எடுத்தன. லேபிள் இல்லாத குழுவுக்கு அந்த 30% தானாக வந்து சேர்ந்துவிடாது.

கவனித்தவை: 1989 முதல் 1991 வரை

இவர்களின் மேடையைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: ஒரு கச்சேரி போல இன்னொன்று இருக்காது. அந்த ஊர், அந்த அரங்கு, முன்வரிசையில் இருப்பவரின் சட்டை என எதை வைத்தும் அங்கேயே ஒரு பாட்டு கட்டிவிடுவார்கள். ஒரு நகைச்சுவைக் குழுவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போன அனுபவமும் இதற்கு உதவியது. போன வாரம் பார்த்தவர் இந்த வாரமும் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது.

பார்வையாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டில் டப்பா மக்ரோனியைப் பற்றிய வரி வரும்போது மேடையை நோக்கி மக்ரோனியை வீசத் தொடங்கினார்கள். கடைசியில், வீசாதீர்கள், வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள், உணவு வங்கிக்குப் போகட்டும் என்று குழு கேட்டுக்கொண்டது. குழுவின் முதல் மேடையும் உணவு திரட்டத்தான் என்பதை நினைத்தால் எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடித்திருக்கிறது.

1989, 1990 வாக்கில் இரண்டு கேசட்டுகளைத் தாங்களே வெளியிட்டார்கள். மூன்றாவது, 1991இல் வந்த 5 பாட்டு கொண்ட மஞ்சள் அட்டைக் கேசட். அதை முதலில் விற்பதற்காகச் செய்யவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் ஆண்டுதோறும் நடக்கும் இசை மாநாட்டுக்கும், லேபிள்களுக்கும் மாதிரியாகக் கொடுக்கத்தான் பதிவு செய்தார்கள். கனடாவில் இருந்த லேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம் என்றன.

முதல் முடிவு: கேசட்டைக் கையால் விற்பது

மறுக்கப்பட்ட கேசட்டைக் கச்சேரி முடிந்ததும் மேடையருகே விற்றார்கள். வாங்கியவர்கள் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், அந்த நண்பர்கள் கடையில் போய்க் கேட்டார்கள். கடைக்காரர்கள் குழுவைத் தேடி வந்தார்கள். பாடகரின் தந்தை ஒரு சிறு வெளியீட்டு அமைப்பைத் தொடங்கி, கடைகளுக்கும் தபாலில் கேட்டவர்களுக்கும் அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு குடும்பம் செய்த வேலை இது என்பதை மறந்துவிடக் கூடாது. பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட்டு வந்த கடைக்குப் பெட்டி போய்ச் சேராவிட்டால் கதை அங்கேயே நின்றிருக்கும்.

இதே சமயத்தில், டொராண்டோவின் ஒரு தொலைக்காட்சி நிலையம் தெருமுனையில் ஒரு காணொளிப் பெட்டி வைத்திருந்தது. 1 டாலர் நாணயம் போட்டால் யார் வேண்டுமானாலும் கேமரா முன் பேசலாம், நல்லதாக இருந்தால் நிலையம் ஒளிபரப்பும். ஐந்து பேரும் வாத்தியங்களோடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்று பாடினார்கள். அது ஒளிபரப்பானது, பேசப்பட்டது. எல்லாருக்கும் திறந்திருந்த ஒரு கதவை இவர்களைப் போல யாரும் பயன்படுத்தவில்லை.

அப்புறம் அந்தப் பெயர் விவகாரம். 1991 டிசம்பர் 31 இரவு, நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நகராட்சி நடத்தும் புத்தாண்டுக் கச்சேரிக்கு இவர்களை அழைத்திருந்தார்கள். பெயர் பெண்களைப் பொருளாகப் பார்க்கிறது என்று சொல்லி நகராட்சி தரப்பு அழைப்பைத் திரும்பப் பெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பெயரோடு முதல் மேடை ஏறிய அதே சதுக்கம். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுத, கேசட் விற்பனை எகிறியது.

விற்பனைக்காகத் தரும் சான்றில், கனடாவில் அப்போது 50,000 பிரதி என்றால் தங்கம், 1 லட்சம் என்றால் பிளாட்டினம். லேபிள் எதுவும் இல்லாத அந்தக் கேசட் இரண்டையும் தாண்டியது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 2.8 கோடிதான்.

தடை செய்ததால்தான் விற்றது என்று பலர் சுருக்கிச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தடைச் செய்தியைப் படித்து ஆர்வத்தோடு கடைக்குப் போனவர் கையில் எடுக்க அங்கே ஒரு கேசட் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அதற்கு முந்தைய மாதங்களின் உழைப்பு. செய்தி ஒரு வாரம் இருக்கும், சரக்கு இல்லாவிட்டால் அந்த வாரம் வீண்.

இரண்டாம் முடிவு: 1992இல் பெரிய லேபிள்

டொராண்டோ பகுதியின் மாற்று ராக் வானொலி ஒன்று நடத்திய போட்டியில் குழு 1 லட்சம் டாலர் வென்றது. முதல் முழு ஆல்பத்துக்கு அந்தப் பணம் பயன்பட்டது. 1992இல் நியூயார்க்கின் ஒரு புகழ்பெற்ற லேபிளோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆல்பம் ஜூலையில் வந்தது. கனடாவில் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது, காலப்போக்கில் 10 லட்சம் பிரதி விற்று வைரச் சான்று பெற்றது.

ஏன் கையெழுத்திட்டார்கள்? கேசட்டை வீட்டிலிருந்து அனுப்பலாம். ஆனால் சிடி அச்சடித்து, 10 மாகாணங்களிலும் கடைகளில் நிறுத்தி, அமெரிக்க வானொலியின் கதவையும் தட்டுவது வீட்டில் முடிகிற வேலை இல்லை. 1992இல் அந்த வேலைக்கு லேபிளை விட்டால் ஆள் கிடையாது. ஆகவே முடிவு சரி என்றே நினைக்கிறேன். எந்த நிலையில் இருந்து பேசினார்கள் என்பதும் முக்கியம். லேபிள் வாசலில் ஓராண்டுக்கு முன் மாதிரிக் கேசட்டோடு நின்றவர்கள், இப்போது விற்பனைக் கணக்கையும் கச்சேரிக் கூட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மெதுவான ஆறு ஆண்டுகள்

1994இல் வந்த இரண்டாம் ஆல்பம் முதலாவதின் பக்கத்தில்கூட வரவில்லை. உள்ளூர் ஊடகங்களுக்கும் ஆர்வம் குறைந்தது. 1995இல் இரு சகோதரர்களில் ஒருவர் விலகிப் படிக்கப் போனார், வேறொரு கீபோர்டுக் கலைஞர் வந்தார். அந்தக் காலத்திலேயே மேலாளரையும் மாற்றி, வான்கூவரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் போனார்கள்.

இந்தக் கட்டத்தில் குழுக்கள் உடைவது சகஜம். இவர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். கனடாவில் பெரிய அரங்குகளை நிரப்பிப் பழகியவர்கள், அமெரிக்காவில் யாருக்கும் தெரியாத குழுவாகச் சின்ன இடங்களில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 1996இல் வெளியிட்ட மேடைப் பதிவு ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு அடுத்த ஆண்டு அமெரிக்க வானொலிக்குப் போனது. அது மஞ்சள் கேசட்டில் இருந்த பாட்டு! ஸ்டுடியோவில் கிடைக்காத ஒன்று மேடையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1998 ஜூலையில் நான்காம் ஸ்டுடியோ ஆல்பம். வெளியீட்டையொட்டி பாஸ்டன் நகர மண்டபத்தின் முன் நடந்த இலவசக் கச்சேரிக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள். அக்டோபரில் அதன் முதல் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் அமெரிக்காவில் 40 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஒப்பந்தம் போட்டு 6 ஆண்டுக்குப் பின் வந்த வெற்றி. அத்தனை காலம் ஒரு லேபிள் காத்திருந்தது அபூர்வம், அந்த நன்றியையும் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் முடிவு: 2004இல் வெளியே வருவது

2000இல் ஓர் ஆல்பம், 2001இல் தொகுப்பு, 2003இல் இன்னோர் ஆல்பம். 2003இல் வந்தது முந்தையவற்றைப் போல விற்கவில்லை. அத்தோடு ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. புதிய லேபிளைத் தேடலாம், அல்லது தாங்களே லேபிள் ஆகலாம். குழு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

கணக்கு இப்படிப் போகும். வழக்கமான ஒப்பந்தத்தில் பதிவுச் செலவை லேபிள் முன்பணமாகத் தருகிறது. அந்தப் பணம் குழுவின் சிறு பங்கிலிருந்தே கழிக்கப்படும். கழிந்து முடிந்த பிறகும் மூலப் பதிவு, அதாவது மாஸ்டர், லேபிளுக்கே சொந்தம். நம் வீட்டுக்கு நாமே கடன் கட்டி முடித்த பின்னும் பத்திரம் வங்கியின் பெயரிலேயே இருப்பது போன்றது. சொந்தமாக வெளியிட்டால் முதல் போடுவதும் ஆபத்தும் குழுவுடையது, ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் கிடைக்கும் பங்கு பல மடங்கு, பத்திரமும் கையில். அப்படியானால் 1998இன் விற்பனையில் ஒரு பகுதி இருந்தாலே ஐவரின் குடும்பமும் நடக்கும். 2004இல் இணையத்தில் பாட்டு விற்பது வழக்கத்துக்கு வந்துவிட்டதால், 1992இல் லேபிளிடம் மட்டும் இருந்த சாலையும் இப்போது திறந்திருந்தது.

செய்து பார்த்தவை பல. 2004இல் சொந்த லேபிளில் ஒரு பண்டிகைக் கால ஆல்பம். கச்சேரிகளைப் பதிவு செய்து ரசிகர்களுக்கு விற்பது. 2005இல் பாட்டும் மேடைப் பதிவும் படங்களும் சேர்த்து ஒரு யூஎஸ்பி குச்சியில் விற்றார்கள். அடுத்து 29 பாட்டுகளை ஒரே வீச்சில் பதிவு செய்து, 2006 செப்டம்பரிலும் 2007 தொடக்கத்திலும் இரண்டு ஆல்பங்களாகப் பிரித்து வெளியிட்டார்கள். சில பாட்டுகளின் குரல், டிரம்ஸ், கிதார் தடங்களைத் தனித்தனியாகக் கொடுத்து, ரசிகர்களே கலவை செய்துகொள்ளட்டும் என்றார்கள். 2007 ஜனவரியில் ரசிகர்களோடு ஒரு கப்பல் பயணமும் நடத்தினார்கள்.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அப்போது அமெரிக்காவில் இசைத்துறை, பாட்டு பதிவிறக்கிய சாதாரண மக்கள்மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 2006 ஜனவரியில் இந்தக் குழுவின் மேலாண்மை நிறுவனம், டெக்சாஸில் அப்படி வழக்கில் சிக்கிய ஒரு குடும்பத்தின் சட்டச் செலவை ஏற்பதாக அறிவித்தது. ஏப்ரலில் கனடிய இசைக் கலைஞர்களின் ஒரு கூட்டணி உருவானது. ரசிகர்கள்மீது வழக்குப் போடுவது எங்களையே அழிக்கும், பாட்டை நகலெடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு வேண்டாம், அரசின் கலாசாரக் கொள்கை கலைஞர்களுக்கு உதவ வேண்டும் என்பவை அதன் நிலைப்பாடுகள். அதை முன்னின்று பேசியவர்களில் நம் பாடகரும் ஒருவர். மேடையருகே கேசட்டைக் கையிலிருந்து கைக்கு விற்ற ஒருவருக்கு, வாங்கும் மனிதரை எதிரியாகப் பார்க்க வராது. வழக்குப் போடுவது தன் உரிமை என்று சொல்லும் லேபிளோடு ஒப்பந்தம் இருந்திருந்தால் அப்படி வெளிப்படையாகப் பேசுவதும் எளிதாக இருந்திருக்காது.

பின்விளைவுகள்

சொந்த லேபிளில் வந்த ஆல்பங்கள் எதுவும் 1998இன் விற்பனையை எட்டவில்லை. அது தோல்வி அல்ல, எட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 2008இல் வந்த குழந்தைப் பாட்டு ஆல்பத்துக்கு அடுத்த ஆண்டு கனடாவின் இசை விருதான ஜூனோ கிடைத்தது.

மேடையில் அப்போதைக்கப்போது பாட்டு கட்டும் பழக்கம் இங்கே எதிர்பாராத பலனைத் தந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் கச்சேரி ஒன்றில் கிதார்காரர் பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றித் தன்போக்கில் பாடினார். பார்வையாளர்களில் இருந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள், இயற்பியலாளர்களைப் பற்றித் தாங்கள் தயாரிக்கும் நகைச்சுவைத் தொடருக்கு முகப்புப் பாடல் எழுதச் சொன்னார்கள். 2007 முதல் 2019 வரை 12 சீசன், 279 பகுதிகள், ஒவ்வொன்றிலும் அந்தப் பாட்டு.

2009 பிப்ரவரியில் பாடகர் விலகினார். இருபது ஆண்டுகளாக இரண்டு குரல்கள் சேர்ந்து உருவாக்கிய ஒன்று அது, வலிக்காமல் இருந்திருக்காது. மற்ற நால்வரும் பெயரை மாற்றாமல் தொடர்ந்தார்கள், 2010இல் புதிய ஆல்பம் வெளியிட்டார்கள். 2015இல், தொலைக்காட்சிப் பாட்டின் வருமானத்தில் தனக்கு 20% பங்கு தருவதாகச் சொல்லப்பட்டது என்று கூறிப் பாடகர் வழக்குத் தொடுத்தார்.

2018 மார்ச்சில் வான்கூவரில் நடந்த ஜூனோ விழாவில் குழுவைக் கனடிய இசைப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அன்றிரவு விலகிப்போன பாடகரும் மேடையேறி மற்றவர்களோடு சேர்ந்து பாடினார். குழு இன்றும் ஆல்பம் வெளியிடுகிறது, கோடைக்காலங்களில் அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றுகிறது.

மாற்ற வேண்டியவை

முதலில் மாஸ்டர் பற்றியது. குழுவின் மிகப் பிரபலமான பாட்டுகள் எல்லாம் ஒப்பந்தக் காலத்தில் பதிவானவை, அவை லேபிளின் ஆல்பங்களாகவே நிற்கின்றன. 1992இல் ஒப்பந்தத்தைத் தவிர்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை ஆண்டுக்குப் பின் மாஸ்டர் குழுவுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கும் பலம் அன்று அவர்களிடம் இருந்தது. இன்று ஒப்பந்தம் பேசும் குழு, முன்பணத்தைக் குறைத்துக்கொண்டாவது அந்த வரியை வாங்கப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுதந்திரக் குழு என்ற சொல்லைக் கையாளும் விதம். 2004இல் அவர்களால் தனியே நிற்க முடிந்ததற்கு 1998 ஒரு காரணம். அந்த ஆண்டு லேபிளின் கையால் வந்த ரசிகர்கள்தான் பின்னர் யூஎஸ்பி குச்சியையும் கப்பல் டிக்கெட்டையும் வாங்கினார்கள். புதிதாகத் தொடங்கும் குழு 2004இன் உத்திகளைப் பார்த்து நகலெடுத்தால் ஏமாறும். அவர்களுக்குப் பொருந்துவது 1991தான்: வாரம் தவறாத மேடை, கையில் எப்போதும் சரக்கு, பெட்டி அனுப்ப வீட்டில் ஒரு பொறுப்பான ஆள்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. இருவரும் நண்பர்களாக இருக்கும்போதே, யார் எழுதியதற்கு என்ன பங்கு, குழுவின் பெயரால் வரும் வெளிவேலையில் விலகுபவருக்கு என்ன உண்டு, பெயர் யாரிடம் இருக்கும் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும். 1988இல் சதுக்கத்தில் ஒத்திகையில்லாமல் மேடையேறிய இருவருக்கு அது அபத்தமாகத் தோன்றியிருக்கும். லேபிளோடு போடும் ஒப்பந்தத்துக்கு எல்லாக் குழுவும் வக்கீல் வைக்கிறது, தங்களுக்குள் போடுவதற்கு யாரும் வைப்பதில்லை. முதல் கேசட் 1,000 பிரதி விற்றதும், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து இந்தத் தாளை எழுதிவிடலாம்.